சிறு செடான் மகிழுந்துகளின் பொறிகளும் உருளை எண்ணிக்கையும்

சிறு செடான் என்பது தனிச் சரக்கறையுடன் கூடிய, அளவில் சிறிய நான்கு கதவு மகிழுந்து ஆகும். இவ்வகை மகிழுந்துகளில் எஞ்சின் எனப்படும் உள்ளெரி பொறி பெரும்பாலும் முன்பக்கத்தில் குறுக்காகப் பொருத்தப்படுகிறது. பொறியின் உருளைகள், அதாவது சிலிண்டர்கள், ஒரே நேர் வரிசையில் அமைகின்றன. இவற்றின் எண்ணிக்கை பொதுவாக நான்கு அல்லது மூன்று ஆகும்.

உருளைகள் கூடினால் ஆற்றலும் கூடும் என்பது பரவலான எண்ணம். இது முழுமையாகச் சரியன்று. ஒரு பொறியின் ஆற்றல் அதனுள் எவ்வளவு காற்று செல்கிறது, அக்காற்றில் எரிபொருள் எவ்வளவு நன்றாக எரிகிறது, பொறி எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது ஆகியவற்றைப் பொறுத்தது. உருளை எண்ணிக்கையோ அதிர்வு, உராய்வு, வெப்ப இழப்பு, விலை, வரி ஆகியவற்றுக்கு இடையில் செய்துகொள்ளப்படும் ஒரு சமரசம். தமிழ்நாட்டின் திருவள்ளூர் வட்டாரத்தில் பல்வேறு காலங்களில் உருவான வண்டிகளைக் கொண்டே இதனை விளக்க முடியும்.

அடிப்படைச் சொற்கள்

உருளையின் உள்விட்டம் துளை எனவும், அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவு வீச்சு எனவும் அழைக்கப்படுகின்றன. துளையின் குறுக்குவெட்டுப் பரப்பை வீச்சினால் பெருக்கினால் ஓர் உருளையின் கொள்ளளவு கிடைக்கும். அதனை உருளைகளின் எண்ணிக்கையால் பெருக்கக் கிடைப்பது பொறியின் கொள்ளளவு. இதன் அலகு கன சென்டிமீட்டர். பேச்சு வழக்கில் இது "சிசி" எனப்படுகிறது.

மகிழுந்துப் பொறிகள் நான்கு வீச்சுப் பொறிகள் ஆகும். உறிஞ்சல், அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் என்னும் நான்கு வீச்சுகள் நிறைவடைய கிராங்க் தண்டு இரண்டு முழுச் சுற்றுகள், அதாவது 720 பாகை, சுழல வேண்டும். இந்நான்கில் ஆற்றல் வீச்சு ஒன்று மட்டுமே வண்டியை நகர்த்துகிறது. ஏனைய மூன்றும் ஏற்கெனவே கிடைத்த ஆற்றலைச் செலவிடுகின்றன.

ஒன்று முதல் பன்னிரண்டு வரை

சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள தொழிற்பகுதிகளில் ஓர் உருளை முதல் பன்னிரண்டு உருளைகள் வரை கொண்ட பொறிகள் உருவாகியுள்ளன.

* திருவொற்றியூரில் பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்ட என்பீல்டு புல்லட் 350 மோட்டார் சைக்கிளின் பழைய வார்ப்பிரும்புப் பொறி ஒற்றை உருளை கொண்டது. துளை 70 மி.மீ., வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ.
* எண்ணூரில் 1949 முதல் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் ஆஸ்டின் ஏ40 என்னும் சிறு செடானைப் பாகங்களிலிருந்து ஒருங்கிணைத்தது. 1948-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனமே 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. ஏ40 மகிழுந்தின் பொறி நான்கு உருளைகளும் 1,200 கன செ.மீ. கொள்ளளவும் கொண்டது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன்.
* ஆவடியில் 1987-இல் நிறுவப்பட்ட பொறித் தொழிற்சாலை டி-72 பீரங்கி வண்டிகளுக்கான டீசல் பொறிகளைத் தயாரித்தது. அவை V வடிவில் அமைந்த 12 உருளைகளும் ஏறத்தாழ 38.9 லிட்டர் கொள்ளளவும் 780 குதிரைத்திறனும் கொண்டவை.

பீரங்கி வண்டிப் பொறியின் ஒவ்வோர் உருளையும் 3 லிட்டருக்கு மேல் கொள்ளளவு உடையது. ஏ40 மகிழுந்தின் ஒவ்வோர் உருளையும் 300 கன செ.மீ. மட்டுமே. எனவே உருளைகளின் எண்ணிக்கையை மட்டும் கூறினால் பொறியின் அளவு விளங்காது. ஒவ்வோர் உருளையும் எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

ஒற்றை உருளைப் பொறியில் இரண்டு சுற்றுகளுக்கு ஒரு முறை மட்டுமே ஆற்றல் வீச்சு நிகழ்கிறது. புல்லட்டின் "டப் டப்" என்னும் தனித்த ஓசைக்கு இதுவே காரணம். மோட்டார் சைக்கிளில் இரசிக்கப்படும் இவ்வதிர்வை மூடிய மகிழுந்துக்குள் அமர்ந்திருப்போர் விரும்புவதில்லை. ஆகவே தேவையான கொள்ளளவு பல உருளைகளாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

நான்கு உருளைப் பொறி

நான்கு உருளைப் பொறியில் கிராங்க் தண்டின் ஒவ்வொரு 180 பாகைச் சுழற்சிக்கும் ஓர் ஆற்றல் வீச்சு நிகழ்கிறது. ஒன்று முடியும்போது அடுத்தது தொடங்குவதால் இழுவை ஏறத்தாழத் தொடர்ச்சியாக உள்ளது. எரியூட்டல் பெரும்பாலான பொறிகளில் 1-3-4-2 என்னும் வரிசையில் நடைபெறுகிறது.

இப்பொறியில் வெளிப்புறப் பிஸ்டன்கள் இரண்டும் மேலே இருக்கும்போது உட்புறப் பிஸ்டன்கள் இரண்டும் கீழே இருக்கும். எனவே முதன்மை விசைகள் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. கிராங்க் தண்டு 90 பாகை திரும்பியிருக்கும் நிலையில், இணைப்புத் தண்டு சாய்ந்திருப்பதால், பிஸ்டன் தன் பாதையின் நடுப்புள்ளியைக் கடந்து சற்றுக் கீழே இருக்கும். அந்நொடியில் நான்கு பிஸ்டன்களும் நடுப்புள்ளிக்குக் கீழேயே இருக்கின்றன. இதனால் நான்கின் பொது ஈர்ப்பு மையம் ஒரு சுற்றுக்கு இருமுறை மேலும் கீழும் அசைகிறது. இதுவே இரண்டாம் நிலை அதிர்வு எனப்படுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்றுகளில் இவ்வதிர்வு நொடிக்கு 100 முறை நிகழும்.

கிராங்க் தண்டைப் போல் இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு சமனாக்கித் தண்டுகளால் இதனை நீக்கலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் காட்டினார். 1970களில் சப்பானின் மிட்சுபிசி நிறுவனம் இதனை மேம்படுத்தித் தன் பெரிய நான்கு உருளைப் பொறிகளில் பயன்படுத்தியது. பின்னர் போர்ச்சே உள்ளிட்ட நிறுவனங்கள் இதற்கான உரிமத்தைப் பெற்றன. 1.5 லிட்டருக்குக் குறைந்த பொறிகளில் பிஸ்டன்கள் எடை குறைந்தவை என்பதால் இத்தண்டுகள் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. சிறு செடான்களில் நான்கு உருளைப் பொறி நெடுங்காலம் நிலைபெற்றதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

மூன்று உருளைப் பொறி

மூன்று உருளைப் பொறியில் 240 பாகைக்கு ஒரு முறை ஆற்றல் வீச்சு நிகழ்கிறது. ஓர் ஆற்றல் வீச்சு அதிகபட்சம் 180 பாகையே நீடிப்பதால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 60 பாகை அளவுக்கு உந்தம் அற்ற இடைவெளி உண்டு. இவ்விடைவெளியைச் சமன்சக்கரம் தன் சுழற்சியால் நிரப்புகிறது.

இக்குறை பொறி மெதுவாகச் சுழலும்போது நன்கு உணரப்படும். வண்டி நிற்கும்போது பொறி நிமிடத்திற்கு 800 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். நான்கு உருளைப் பொறியில் நொடிக்கு ஏறத்தாழ 27 எரியூட்டல்கள் நிகழும். மூன்று உருளைப் பொறியில் 20 மட்டுமே நிகழும். போக்குவரத்து விளக்கில் நிற்கும்போது திசைதிருப்பி வளையத்திலும் இருக்கையிலும் உணரப்படும் நடுக்கத்திற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மூன்று பிஸ்டன்களும் 120 பாகை இடைவெளியில் அமைவதால் அவற்றின் மேல்கீழ் விசைகள் ஒட்டுமொத்தமாகச் சமனாகின்றன. நான்கு உருளைப் பொறியில் எஞ்சும் இரண்டாம் நிலை விசை இங்கு இல்லை. ஆனால் முதல் உருளையும் மூன்றாம் உருளையும் வெவ்வேறு நேரங்களில் மேலெழுவதால் பொறி, ஏற்றப்பலகை போல, முனைக்கு முனை ஆட முயல்கிறது. இந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தச் சில பொறிகளில் ஒற்றைச் சமனாக்கித் தண்டு சேர்க்கப்படுகிறது. வேறு சிலவற்றில் சமன்சக்கரத்திலும் கப்பியிலும் வேண்டுமென்றே எடை வேறுபாடு உண்டாக்கப்படுகிறது. பொறியைத் தாங்கும் இரப்பர்ப் பிடிமானங்களும் அதற்கேற்ப வடிவமைக்கப்படுகின்றன.

உராய்வும் வெப்ப இழப்பும்

1,200 கன செ.மீ. கொள்ளளவை நான்காகப் பிரித்தால் உருளைக்கு 300, மூன்றாகப் பிரித்தால் உருளைக்கு 400 கன செ.மீ. கிடைக்கும். துளையும் வீச்சும் சம அளவு என்று கொண்டால், நான்கு உருளைகளின் மொத்தச் சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 660 சதுர செ.மீ. ஆகும். மூன்று உருளைகளின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர செ.மீ. மட்டுமே. அதாவது அதே கொள்ளளவுக்குச் சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது.

எரியும் வளிமத்தின் வெப்பம் இச்சுவர்கள் வழியாகவே குளிர்நீருக்குச் சென்று வீணாகிறது. பிஸ்டன் வளையங்கள் உராய்வதும் இச்சுவர்களின் மீதே. எனவே பரப்பு குறைந்தால் இரண்டு இழப்புகளும் குறைகின்றன. மேலும் ஒரு பிஸ்டன், ஓர் இணைப்புத் தண்டு, ஓர் எரிபொருள் தெளிப்பான் ஆகியன குறைகின்றன. உருளைக்கு நான்கு வால்வுகள் எனில் நான்கு வால்வுகளும் குறைகின்றன. பொறியின் நீளம், எடை, தயாரிப்புச் செலவு ஆகியவையும் குறைகின்றன.

எடுத்துக்காட்டு: திருவள்ளூர் ஆலை

இந்துசுத்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிசியின் தொழில்நுட்ப உதவியுடன் திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் ஒரு மகிழுந்து ஆலையை அமைத்தது. 1998 முதல் இங்கு மிட்சுபிசி லான்சர் செடான் உருவாக்கப்பட்டது. இந்தியச் சந்தையில் அது அக்காலத்தில் வசதியான நடுத்தர வண்டியாகக் கருதப்பட்டது. எனினும் உலக அளவில் லான்சர் சிறு செடான் வகையைச் சார்ந்ததே.

லான்சரின் பொறிகள் அனைத்தும் நான்கு உருளைகள் கொண்டவை.

* 1.5 லிட்டர் பெட்ரோல்: துளை 75.5 மி.மீ., வீச்சு 82 மி.மீ., கொள்ளளவு 1,468 கன செ.மீ., 12 வால்வுகள், ஏறத்தாழ 87 குதிரைத்திறன்.
* 2.0 லிட்டர் டீசல்: துளை 82.7 மி.மீ., வீச்சு 93 மி.மீ., கொள்ளளவு 1,998 கன செ.மீ., ஏறத்தாழ 68 குதிரைத்திறன்.
* 2006-இல் வந்த லான்சர் சீடியாவின் 2.0 லிட்டர் பெட்ரோல்: கொள்ளளவு 1,999 கன செ.மீ., 16 வால்வுகள், ஏறத்தாழ 115 குதிரைத்திறன்.

1.5 லிட்டர் பொறியின் ஒவ்வோர் உருளையும் 367 கன செ.மீ. கொள்ளளவு உடையது. அதாவது லான்சரின் பொறி, அளவில், ஏறத்தாழ நான்கு புல்லட் பொறிகள் ஒரே தண்டில் கோக்கப்பட்டதற்கு ஒப்பானது. ஆற்றல் வீச்சுகள் 180 பாகை இடைவெளியில் பகிர்ந்தளிக்கப்பட்டதால் புல்லட்டின் அதிர்வு இதில் இல்லை.

டீசல் பொறிகள்: ஓர் ஒப்பீடு

லான்சரின் டீசல் பொறி இயல்பாகக் காற்றை உறிஞ்சும் வகை. அதில் டீசல் நேரடியாக உருளைக்குள் செலுத்தப்படாமல் ஒரு சிறு முன்னறையில் தெளிக்கப்பட்டது. அதே பகுதியில், சிறீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில், ஹூண்டாய் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் அக்சென்ட் செடானில் மூன்று உருளை டீசல் பொறியைப் பொருத்தியது. அதன் துளை 83 மி.மீ., வீச்சு 92 மி.மீ., கொள்ளளவு 1,493 கன செ.மீ. ஆகும்.

இவ்விரு பொறிகளின் உருளைகளும் ஏறத்தாழ ஒரே அளவு கொண்டவை. லான்சரில் உருளைக்கு 500 கன செ.மீ., அக்சென்டில் 498 கன செ.மீ. ஆனால் நான்கு உருளைகள் கொண்ட லான்சர் 68 குதிரைத்திறனைத் தர, மூன்றே உருளைகள் கொண்ட அக்சென்ட் ஏறத்தாழ 82 குதிரைத்திறனைத் தந்தது.

வேறுபாட்டிற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, அக்சென்டில் இருந்த டர்போ என்னும் சுழலி. இது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, கூடுதலான காற்றை உருளைகளுக்குள் அழுத்துகிறது. இரண்டாவது, பொது எரிபொருள் குழாய் முறை. இதில் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் நுண்துளிகளாக நேரடியாக உருளைக்குள் தெளிக்கப்படுகிறது. தெளிக்கும் நேரத்தையும் அளவையும் மின்னணுக் கருவி கட்டுப்படுத்துகிறது. உருளைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் காற்றும் எரிபொருளும் கையாளப்படும் முறையே ஆற்றலைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

அதே ஆலையில் மூன்று உருளைகள்

லான்சரின் காலத்திற்குப் பின் திருவள்ளூர் ஆலையில் ஒப்பந்த அடிப்படையில் இசுசு வண்டிகள் ஒருங்கிணைக்கப்பட்டன. 2016-இல் கும்மிடிப்பூண்டிக்கு அப்பால், ஆந்திர எல்லைக்குள் அமைந்த சிறீ சிட்டியில் இசுசு தனக்கென ஆலையைத் திறந்தது. 2017-இல் பிரான்சின் பிஎஸ்ஏ குழுமம் சி. கே. பிர்லா குழுமத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு திருவள்ளூர் ஆலையைத் தன் மகிழுந்துகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. இக்குழுமம் 2021-இல் இசுடெல்லாண்டிசு நிறுவனத்தின் பகுதியாயிற்று. 2022-இல் அறிமுகமான சிட்ரோன் சி3 இவ்வாலையில் உருவானது. இது செடான் அன்று, பின்கதவுடன் கூடிய சிறு வண்டி. ஆயினும் பொறியை ஒப்பிடுவதற்கு இது மிகவும் பொருத்தமானது.

சி3 மகிழுந்தின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் பொறி மூன்று உருளைகள் கொண்டது. துளை 75 மி.மீ., வீச்சு 90.5 மி.மீ., கொள்ளளவு 1,199 கன செ.மீ. லான்சரின் துளையுடன் ஒப்பிட்டால் வேறுபாடு அரை மில்லிமீட்டர் மட்டுமே. ஓர் உருளை குறைந்துள்ளது, வீச்சு நீண்டுள்ளது. ஆற்றலோ 87-இலிருந்து 110 குதிரைத்திறனாக உயர்ந்துள்ளது. டர்போ இல்லாத மற்றொரு வகை ஏறத்தாழ 82 குதிரைத்திறன் தருகிறது. இதனை 1949-இன் ஏ40 பொறியுடன் ஒப்பிடலாம். கொள்ளளவு இரண்டிலும் 1,200 கன செ.மீ. அளவே. உருளை ஒன்று குறைந்தும் ஆற்றல் இருமடங்காகியுள்ளது.

வரி விதிகளின் தாக்கம்

இந்தியாவில் பொறியின் அளவைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. 2006-ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் சிறு மகிழுந்துகளுக்கான உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் எனில் 1,200 கன செ.மீ., டீசல் எனில் 1,500 கன செ.மீ. கொள்ளளவுக்கு மிகாமலும் உள்ள வண்டிகளுக்கே இச்சலுகை கிடைத்தது.

இதன் விளைவாக 4 மீட்டருக்குள் அடங்கும் செடான் என்னும் புதிய வகை தோன்றியது. 2008-இல் டாட்டா இண்டிகோ சிஎஸ் இவ்வாறு வந்தது. 2008-இல் 1.3 லிட்டர் பெட்ரோல் பொறியுடன் அறிமுகமான மாருதி டிசையர் பின்னர் 1.2 லிட்டர் பொறிக்கு மாறியது. 2012-இல் அதன் நீளமும் 4 மீட்டருக்குள் சுருக்கப்பட்டது. அதனால் 440 லிட்டராக இருந்த சரக்கறை 316 லிட்டராகக் குறைந்தது.

2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோதும் இவ்வரம்புகள் தொடர்ந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வரம்புகளுக்குள் அடங்கும் மகிழுந்துகளுக்கு 18 விழுக்காடும், அவற்றைக் கடக்கும் பெட்ரோல், டீசல் மகிழுந்துகளுக்கு 40 விழுக்காடும் வரி விதிக்கப்படுகிறது. ஒரு சில கன சென்டிமீட்டர் கூடினாலும் வாங்குவோர் செலுத்தும் தொகை பெருமளவு உயரும். கொள்ளளவுக்கு இவ்வாறு உச்சவரம்பு இருக்கும்போது, உராய்வைக் குறைத்து எரிபொருள் சிக்கனத்தைக் கூட்டும் மூன்று உருளை அமைப்பு தயாரிப்பாளர்களை ஈர்க்கிறது.

2024 நவம்பரில் வந்த நான்காம் தலைமுறை டிசையர் இதற்கு எடுத்துக்காட்டு. முந்தைய தலைமுறையின் 1,197 கன செ.மீ. பொறி நான்கு உருளைகளுடன் ஏறத்தாழ 90 குதிரைத்திறன் தந்தது. புதிய பொறி அதே 1,197 கன செ.மீ. கொள்ளளவில் மூன்று உருளைகளுடன் ஏறத்தாழ 82 குதிரைத்திறன் தருகிறது. ஆற்றல் சற்றுக் குறைந்தாலும், கைமுறைப் பற்சக்கரப் பெட்டி கொண்ட வகையின் சோதனை அளவு லிட்டருக்கு 22.41 கிலோமீட்டரிலிருந்து 24.79 கிலோமீட்டராக உயர்ந்தது. ஹோண்டா அமேஸ் நான்கு உருளை 1.2 லிட்டர் பெட்ரோல் பொறியைத் தொடர்ந்து பயன்படுத்தியது. ஒரே வரம்புக்குள் இரு வேறு தீர்வுகள் இயலும் என்பதை இது காட்டுகிறது.

டீசல் பொறிகளின் மறைவு

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. டீசல் பொறியின் புகையில் உள்ள நுண்துகள்களையும் நைட்ரசன் ஆக்சைடுகளையும் இவ்விதிகளின் அளவுக்குக் குறைக்க விலை மிகுந்த வடிகட்டிகளும் வினையூக்கிக் கருவிகளும் தேவைப்பட்டன. விலை குறைந்த சிறு வண்டியில் இக்கூடுதல் செலவை ஈடுகட்டுவது கடினம். மாருதி நிறுவனம் 2020-இலேயே டீசல் மகிழுந்துகளைக் கைவிட்டது. ஏனைய நிறுவனங்களும் அடுத்த சில ஆண்டுகளில் சிறு செடான்களில் டீசல் பொறியை நிறுத்தின. அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் இயங்கும் வகைகள் அவ்விடத்தைப் பெருமளவு பிடித்துள்ளன.

பொதுவான தவறான கருத்துகள்

* "மூன்று உருளைப் பொறி வலிமையற்றது." இது உண்மையன்று. லான்சர், அக்சென்ட், சி3 ஆகியவற்றின் அளவீடுகள் இதனை மறுக்கின்றன.
* "மூன்று உருளைப் பொறியின் நடுக்கம் பழுதின் அறிகுறி." நிற்கும்போது ஏற்படும் சீரான மெல்லிய நடுக்கம் இவ்வமைப்பின் இயல்பு. ஒழுங்கற்ற நடுக்கமே எரியூட்டல் தவறுவதையோ பிடிமானம் தளர்ந்திருப்பதையோ குறிக்கக்கூடும்.
* "கொள்ளளவு சமமெனில் ஆற்றலும் சமம்." சி3 மகிழுந்தின் இரு வகைப் பொறிகளும் 1.2 லிட்டர் கொண்டவை. எனினும் டர்போ காரணமாக அவற்றின் ஆற்றல் வேறுபடுகிறது.
* "உருளை குறைந்தால் பராமரிப்புச் செலவு எப்போதும் குறையும்." பாகங்கள் குறைவது உண்மையே. ஆனால் டர்போவும் உயரழுத்தத் தெளிப்பான்களும் உள்ள பொறிக்கு உரிய தரத்தில் எண்ணெயும், உரிய கால இடைவெளியில் எண்ணெய் மாற்றமும் மிகவும் இன்றியமையாதவை.

ஒரு சிறு செடானின் பொறியை மதிப்பிடும்போது உருளைகளின் எண்ணிக்கையுடன் துளை, வீச்சு, காற்று உட்செலுத்தும் முறை, எரிபொருள் தெளிக்கும் முறை, சமனாக்கும் ஏற்பாடு ஆகிய ஐந்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.